காட்டாது விட்டவை: யாசுஜிரோ ஓஸுவின் வாழ்வும் கலையும்

1949ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. தாயை இழந்த மகள் ஒருத்தியைத் திருமணத்திற்கு இசைவிக்கத் தந்தை படும் பாடே அதன் கதை. நிகழ்ச்சிகள் யாவும் அத்திருமணத்தை நோக்கியே நகர்கின்றன. எனினும், அப்படத்தில் மணமகன் ஒருமுறையேனும் திரையில் தோன்றுவதில்லை. திருமணச் சடங்கும் காட்டப்படுவதில்லை. மணக்கோலம் பூண்ட மகள் தந்தையை வணங்கிப் புறப்படுகிறாள். அடுத்து நாம் காண்பது ஆளற்ற அறையும் அதிலுள்ள கண்ணாடியும். அதற்கும் அடுத்து, எல்லாம் முடிந்தபின் மதுக்கடையில் அமர்ந்திருக்கும் தந்தை.

'பின்னிளவேனில்' என்று தமிழில் பெயர்க்கத்தக்க அப்படத்தை இயக்கியவர் யாசுஜிரோ ஓஸு. உலகத் திரைப்பட வரலாற்றில் அகிரா குரோசாவாவுக்கும் கென்ஜி மிசோகுச்சிக்கும் இணையாக வைத்து எண்ணப்படும் ஜப்பானியக் கலைஞர் அவர். சொல்லாமற் சொல்லும் முறையை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வகுத்துக் கற்ற நமக்கு அவரது கலை முற்றிலும் அயலானதன்று. அவர் எவற்றைக் காட்டாது விட்டார், ஏன் விட்டார், அவ்வெற்றிடத்தைக் காண்போர் எவ்வாறு நிரப்பினர் என்பவற்றை அவர்தம் வாழ்க்கை வரலாற்றோடு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ஓஸு 1903 டிசம்பர் 12 அன்று டோக்கியோ நகரின் ஃபுக்காகாவா பகுதியில் பிறந்தார். தந்தை தொரனொசுக்கே உர வணிகர், தாய் அசாயே. மக்கள் ஐவருள் ஓஸு இரண்டாமவர். 1913ஆம் ஆண்டில் தந்தை தம் மனைவியையும் மக்களையும் மியே மாநிலத்தில் உள்ள மத்சுசாக்கா என்னும் தம் முன்னோர் ஊருக்கு அனுப்பிவைத்தார். வணிகத்தின் பொருட்டுத் தாம் மட்டும் டோக்கியோவிலேயே தங்கினார். இதனால் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஓஸு தந்தையைப் பிரிந்து தாயின் அரவணைப்பிலேயே வளர்ந்தார். தந்தை மக்கள் உறவைத் தம் வாழ்நாள் முழுவதும் திரையில் ஆராய்ந்த ஒருவர், தந்தை வீட்டில் இல்லாத சிறுவனாக வளர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் மிகுதியாக இல்லை. உஜியமாதாவில் இருந்த நடுநிலைப் பள்ளியில் பயின்றபோது, இளைய மாணவன் ஒருவனுக்குக் கடிதம் எழுதினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1920இல் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதன்பின் நாள்தோறும் தொடர்வண்டியில் பள்ளிக்குச் சென்று வந்தார். பாடநூல்களைவிடத் திரைப்படங்களே அவரை ஈர்த்தன. அமெரிக்க இயக்குநர் தாமஸ் இன்ஸ் உருவாக்கிய 'நாகரிகம்' என்னும் படமே தம்மை இத்துறைக்கு இழுத்ததாக அவர் பின்னாளில் கூறினார். உயர் வணிகக் கல்விக்கான நுழைவுத் தேர்வில் தோல்வியுற்று, மியே மாநிலத்து மலைச்சிற்றூர் ஒன்றில் ஓராண்டு தற்காலிக ஆசிரியராகப் பணியாற்றினார்.

கல்லூரியில் பயிலாதவர், அலுவலகத்தில் எழுத்தராக அமராதவர், திருமணம் செய்துகொள்ளாதவர், மக்கட்பேறு அற்றவர். இத்தகைய ஒருவரே கல்லூரி மாணவரையும், மாதச் சம்பளக்காரரையும், பெண்ணுக்கு வரன் தேடும் பெற்றோரையும் பற்றி ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். தாம் வாழாத வாழ்வை உற்று நோக்கி அறிந்தவர் அவர்.

திரைத்துறையில்

1923ஆம் ஆண்டில், தந்தையின் விருப்பத்திற்கு மாறாக, உறவினர் ஒருவரின் பரிந்துரையால் ஷோச்சிக்கு நிறுவனத்தின் கமாத்தா படப்பிடிப்புக் கூடத்தில் உதவி ஒளிப்பதிவாளராகச் சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. ஃபுக்காகாவாவில் இருந்த அவரது குடும்ப வீடும் அழிந்தது. படைப் பயிற்சிக்காக ஓராண்டு சென்று திரும்பியபின் உதவி இயக்குநரானார். 1927இல் 'கழிவிரக்கத்தின் வாள்' என்னும் வரலாற்றுப் படத்தை இயக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அதன் திரைக்கதையை எழுதியவர் கோகோ நோதா. பின்னாளில் ஓஸுவின் புகழ்பெற்ற படங்கள் பலவற்றுக்கு இணைந்து எழுதியவரும் இவரே. படம் முடியுமுன்னரே ஓஸுவுக்கு மீண்டும் படைப்பிரிவிலிருந்து அழைப்பு வந்ததால், எஞ்சிய பகுதியை வேறொருவர் எடுத்து முடித்தார். அம்முதற் படத்தின் படச்சுருள் இன்று எங்கும் இல்லை.

தொடக்கக் காலத்தில் அவர் எடுத்தவை பெரும்பாலும் நகைச்சுவைப் படங்கள். அவற்றுள் 1932இல் வந்த 'நான் பிறந்தேன், ஆனால்' என்னும் ஊமைப்படம் நம் பொருளுக்கு நெருங்கியது. புறநகருக்குக் குடிவந்த இரு சிறுவர்கள் தம் தந்தையைப் பெரும் வீரராகக் கருதியிருக்கின்றனர். ஒருநாள், தந்தையின் மேலதிகாரி தம் வீட்டில் தாம் எடுத்த சிறு படத்தைத் திரையிடுகிறார். அதில் தந்தை அதிகாரியை மகிழ்விக்கக் கோமாளித்தனம் செய்வதைச் சிறுவர்கள் காண்கின்றனர். வீட்டில் மறைந்திருந்த உண்மை திரையில் வெளிப்படுகிறது. பிள்ளைகள் உண்ண மறுக்கின்றனர். படம் என்பது எதைக் காட்டும், காட்டியது பார்த்தவன் நெஞ்சில் என்ன செய்யும் என்பதை ஓஸு தம் இருபத்தெட்டாம் அகவையிலேயே உணர்ந்திருந்தார். கினெமா ஜுன்போ என்னும் புகழ்பெற்ற திரைப்பட இதழ் அவ்வாண்டின் சிறந்த படமாக அதனைத் தேர்ந்தது. 1933, 1934 ஆகிய ஆண்டுகளிலும் அவர் படங்களே முதலிடம் பெற்றன. 1934இல் அவர் தந்தை காலமானார். அதன்பின் தாயோடு வாழ்வதே அவரது இல்வாழ்வாயிற்று.

அவரது காட்சியமைப்பு முறையும் மெல்ல மெல்ல உருப்பெற்றது. காமிராவைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்தார். அதனை நகர்த்துவதைப் படிப்படியாகக் கைவிட்டார். ஐம்பது மில்லிமீட்டர் வில்லையையே பெரிதும் பயன்படுத்தினார். ஒரு காட்சிக்கும் மற்றொரு காட்சிக்கும் இடையே, கதைக்கு நேரே தொடர்பற்ற புகைபோக்கி, உலரும் துணி, ஆளற்ற கூடம் முதலியவற்றைச் சில நொடிகள் காட்டினார். பெரு நிகழ்ச்சிகளைத் தவிர்த்து, அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள சிறு நிகழ்ச்சிகளையே விரித்தார். 1953இல் வந்த 'டோக்கியோ கதை'யில் முதியோர் இருவர் தம் மக்களைக் காணப் பயணத்திற்கு மூட்டை கட்டுவதைக் காண்கிறோம், பயணத்தைக் காண்பதில்லை. திரும்பும் வழியில் தாய் நோயுறுவதையும் பிறர் பேச்சின் வழியே அறிகிறோம்.

போர்க்களமும் சிங்கப்பூரும்

1937 செப்டம்பரில் ஓஸு படைக்கு அழைக்கப்பட்டுச் சீனப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அவர் சேர்க்கப்பட்ட பிரிவு நச்சு வேதிப் படைக்கலங்களைக் கையாண்ட பிரிவாகும். ஷாங்காயில் இறங்கி, 1938இல் பல திங்கள் நான்ஜிங்கில் தங்கி, 1939இல் நான்சாங், ஷியூ ஆற்றுப் போர்களிலும் பங்கேற்றார். அவர் பெரிதும் மதித்த இளம் இயக்குநர் சதாவோ யமனாக்காவைச் சீன மண்ணில் ஒருமுறை சந்தித்தார். அவ்விளைஞர் 1938 செப்டம்பரில் அங்கேயே நோயால் மாண்டார். 1939 ஜூலையில் ஓஸு தாயகம் திரும்பினார். திரும்பியதும் அவர் எழுதிய 'தேநீர் ஊற்றிய சோற்றின் சுவை' என்னும் திரைக்கதை தணிக்கையாளரின் இசைவைப் பெறவில்லை. அது 1952இல்தான் படமாயிற்று.

1943இல் அவர் மீண்டும் படைத்துறையின் ஆணைப்படி வெளிநாடு சென்றார். இம்முறை சென்ற இடம் சிங்கப்பூர். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் நடந்த இந்திய விடுதலை முயற்சியைப் பற்றித் 'தில்லி நோக்கி' என்னும் பொருள்படும் ஒரு பரப்புரைப் படம் எடுப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய இராணுவம் அணிவகுத்த நகரம் அது. ஆனால் ஓஸு அப்பணியில் ஊக்கம் காட்டவில்லை. கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பார்ப்பதிலும் நூல் பயில்வதிலும் பொழுது கழிந்தது. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' படத்தை வியந்து கண்டது அங்கேதான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும், எழுதிய கதையையும் எடுத்த படச்சுருளையும் அவர் அழித்துவிட்டார். நம் மக்களின் முகங்கள் சில அச்சுருளில் இருந்திருக்கலாம். இனி அவற்றை எவரும் காணவியலாது.

பின்னர்த் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தார். தாயகம் செல்லும் முதற்கப்பலில் அவரது குழுவினர் எல்லோர்க்கும் இடமில்லை. திருவுளச்சீட்டில் தமக்குக் கிடைத்த இடத்தை, ஊர் திரும்பத் துடித்த வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தார். 1946 பிப்ரவரியில் ஜப்பான் சேர்ந்தார்.

பின்னிளவேனில்

போருக்குப்பின் அவர் எடுத்த இரண்டாம் படமான 'காற்றில் ஒரு கோழி' 1948இல் வெளிவந்தது. போர்முனையிலிருந்து கணவன் திரும்பாத நிலையில், நோயுற்ற குழந்தையின் மருத்துவச் செலவுக்காக ஒருத்தி ஓர் இரவு தன்னை விற்கிறாள். திரும்பி வந்து உண்மையறிந்த கணவன் அவளைத் தள்ள, அவள் மாடிப்படிகளில் உருண்டு விழுகிறாள். அவ்வீழ்ச்சி முழுமையாகக் காட்டப்படுகிறது. ஓஸு இப்படத்தைத் தம் தோல்விகளுள் ஒன்றாகவே கருதினார். அடுத்த ஆண்டு நோதாவோடு மீண்டும் கூடியமர்ந்து எழுதியதே 'பின்னிளவேனில்'. துன்பத்தை நேரே காட்டிப் பார்த்தபின்னரே காட்டாமையின் பக்கம் அவர் முழுமையாகத் திரும்பினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கசுவோ ஹிரோத்சு எழுதிய கதை ஒன்றைத் தழுவியது இப்படம். காமக்குராவில் வாழும் பேராசிரியர் சோமியாவாக சிஷு ரியூவும், மகள் நோரிகோவாக செத்சுகோ ஹாராவும் நடித்தனர். தந்தையை விட்டுப் பிரிய நோரிகோவுக்கு மனமில்லை. தாம் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகத் தந்தை ஒரு பொய் சொல்கிறார். அப்பொய்யை நம்பியே அவள் திருமணத்திற்கு இசைகிறாள். அது பொய் என்பதைப் படத்தின் இறுதியில், மகளின் தோழியிடம் மட்டுமே அவர் வெளியிடுகிறார். மகள் அதனை அறிந்தாளா என்பதைப் படம் நமக்குச் சொல்வதில்லை.

அன்றிரவு தந்தை தனியே வீடு திரும்புகிறார், நாற்காலியில் அமர்ந்து ஆப்பிள் ஒன்றின் தோலைச் சீவுகிறார், நீண்டு தொங்கிய தோல் கீழே விழுகிறது, தலை கவிழ்கிறது. அடுத்து அலையடிக்கும் கடல். படம் முடிகிறது. அவ்விடத்தில் வாய்விட்டு அழுமாறு ஓஸு தம்மைக் கேட்டதாகவும், தம்மால் இயலாது என்று தாம் கூறவே அவர் அதனை ஏற்றுக்கொண்டதாகவும் ரியூ பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஓஸுவின் அடக்கத்திற்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் போற்றும் அக்காட்சி, ஒரு நடிகரின் தயக்கத்தால் விளைந்தது. காட்டாமை என்பது இயக்குநர் ஒருவர் மட்டுமே முன்கூட்டி வகுத்த திட்டமன்று. உடன் உழைத்தோரின் இயல்பும் அதில் கலந்திருந்தது.

ஒரு பூச்சாடியும் பல உரைகளும்

இப்படத்தில் மிகுதியாக ஆராயப்பட்ட காட்சி ஒன்றுண்டு. திருமணத்திற்கு முன் தந்தையும் மகளும் கியோத்தோவுக்குச் செல்கின்றனர். விடுதி அறையில் இருவரும் அடுத்தடுத்த படுக்கைகளில் படுத்திருக்கின்றனர். நோரிகோ தன் மனத்தில் உள்ளதைச் சொல்லத் தொடங்குகிறாள், தந்தை உறங்கிவிடுகிறார். அவள் முகத்தில் மெல்லிய முறுவல். அடுத்து, அறையின் ஒரு மூலையில் ஒரு பூச்சாடி; அதன் பின்னே தாள் ஒட்டிய சன்னலில் மூங்கிலிலைகளின் நிழல். மீண்டும் நோரிகோவின் முகம். இப்போது அழுகைக்கு அருகில். மீண்டும் பூச்சாடி. முறுவலுக்கும் கண்ணீருக்கும் இடையே அவள் என்ன நினைத்தாள்? அந்த நினைவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாடி இருக்கிறது.

மேலைநாட்டு அறிஞர் பலர் இச்சாடிக்கு உரை எழுதினர். 1972இல் பால் ஷ்ரேடர், ஆழ்ந்த உணர்ச்சியை ஏற்று அதனைக் கடந்த அமைதியாக மாற்றும் வடிவமாக அதனைக் கண்டார். ஓஸுவை ஆங்கில உலகிற்கு அறிமுகம் செய்தவருள் தலையாயவரான டொனால்டு ரிச்சி, பார்ப்பவரின் உணர்ச்சியைத் தாங்கும் கலமாக அதனைக் கருதினார். 1985இல் பிரெஞ்சு மெய்யியலார் ஜில் தெலூஸ், எல்லாம் மாறும்போதும் மாறாது நிற்கும் காலத்தின் வடிவமே அச்சாடி என்றார். கிறிஸ்டின் தாம்சன், டேவிட் போர்டுவெல் ஆகியோர் இவர்களோடு மாறுபட்டு, அவ்விடத்தில் வேறொரு பொருளும் இருந்திருக்கலாம். கதையோட்டத்தை நிறுத்தி வைப்பதே அதன் பணி என்ற கருத்தினர். சாடியைக் காண்பவள் நோரிகோவா, நாம் மட்டுமா என்பதிலும், அது எத்தனை முறை காட்டப்படுகிறது என்பதிலும் கூட, எழுதியோர் தம்முள் ஒத்துப்போகவில்லை.

இவ்வுரைகளுள் எது மெய்யுரை என்று தீர்ப்பது நம் வேலையன்று. ஆனால் ஒன்றைச் சுட்டலாம். உரையாசிரியர் அனைவரும் சாடிக்குள் பொருளைத் தேடினர்; பொருளோ முறுவலுக்கும் கண்ணீருக்கும் இடைப்பட்ட தொலைவில் இருக்கிறது. அத்தொலைவைக் கடப்பவர் பார்ப்பவரே. மகளைக் கட்டிக்கொடுத்த தந்தை ஒருவகையாகக் கடப்பார். பிறந்த வீட்டை விட்டு வந்தவள் வேறுவகையாகக் கடப்பாள். ஓஸு விடுகதை போட்டு விடையை ஒளித்து வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் துயரத்தை வைத்துக்கொள்ள இடம் ஒழித்துத் தந்தார். அச்சாடிக் காட்சியை அடுத்துப் படம் ரியோவான்ஜிக் கோயிலின் கல்தோட்டத்திற்குச் செல்கிறது. அங்குள்ள பதினைந்து கற்களையும் ஒரே இடத்தில் அமர்ந்து ஒருசேரக் காண இயலாதவாறு அத்தோட்டம் அமைக்கப்பட்டுள்ளது. எங்கு அமர்ந்தாலும் ஒரு கல்லேனும் மறைந்திருக்கும். ஓஸுவின் கலைக்கு இதனினும் பொருத்தமான உவமை வேறில்லை எனலாம்.

மூவகை வெற்றிடங்கள்

இதுகாறும் கூறியவற்றால் ஓஸுவின் காட்டாமையைப் போற்றுவது எளிது. ஆயினும் போற்றுதலோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அவர் விட்ட வெற்றிடங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. அவற்றை மூவகையாகப் பகுத்து நோக்குதல் தகும்.

முதல்வகை, காட்டப்படாவிட்டாலும் நிகழ்ந்தது என நாம் உறுதியாக அறிவன. நோரிகோவின் திருமணம் இவ்வகையது. இரண்டாம் வகை, நிகழ்ந்தது இன்னதென்று தெளியாமல் நம் உரைக்கு இடம் தருவன. பூச்சாடி இவ்வகையது. மூன்றாம் வகை, விடுபட்டுள்ளது என்ற நினைவே நமக்கு எழாதவாறு விடுபட்டவை. இம்மூன்றாம் வகையே பெரிதும் எண்ணத்தக்கது.

'பின்னிளவேனில்' தந்தையின் தனிமையைக் காட்டி முடிகிறது. ஆப்பிள் தோலோடு நம் நெஞ்சும் கனத்து விழுகிறது. ஆனால் அதே இரவில் நோரிகோ எங்கே இருந்தாள்? அவள் புகுந்த வீடு எத்தகையது? தந்தையோடு வாழ்ந்த நாளினும் மகிழ்ந்திருந்தாளா? படம் அவளைப் பின்தொடரவில்லை. நம்மில் பெரும்பாலோரும் அதனைக் கேட்பதில்லை. பல்லாண்டுகள் மகளிர்க்குத் தமிழ் பயிற்றியவள் என்ற முறையில் எனக்கு இக்கேள்வி எளிதில் நீங்குவதில்லை. திருமண அழைப்பிதழோடு வந்து வணங்கிச் சென்ற மாணவியர் பலரின் பிற்கால வாழ்வை நான் அறியேன்; அவர்களுள் நன்கு எழுதக் கூடியவர்களும் இருந்தனர். பிரிந்தவரை எண்ணி வருந்தும் வீடு இலக்கியமாகிறது. பிரிந்து சென்றவள் சென்ற வீடு இருளிலேயே இருந்துவிடுகிறது. ராபின் வுட் என்னும் திறனாய்வாளர், மரபு தொடரும் பொருட்டு நோரிகோவின் மகிழ்ச்சி பலியிடப்பட்ட கதையாகவே இப்படத்தைக் கண்டார். அவர் உரையோடு எனக்கு உடன்பாடுண்டு. ஓஸு அப்பலியை அறிந்தே எடுத்தார் என்பதற்கு இறுதியில் கவிழும் அத்தலையே சான்று. ஆயினும் அத்தலை தந்தையினுடையது.

மற்றொன்று போர். 1951இல் வந்த 'முதுவேனில் தொடக்கம்' படத்தில் ஒரு மகன் போரிலிருந்து திரும்பவில்லை. அவன் சீனத்திலிருந்து எழுதிய மடலில் ஒரு கோதுமைக் கதிரை வைத்து அனுப்பியிருந்தான் என்று அவன் நண்பன் நினைவுகூர்கிறான். படத்தின் இறுதியில் காற்றில் அசையும் கோதுமை வயல்களைக் காணும்போது, திரும்பாத அம்மகன் திரையெங்கும் நிறைந்து நிற்கிறான். காட்டாமையின் உச்சம் இது. எனினும், இரண்டாண்டுகள் சீனப் போர்முனையில் நின்று, நச்சுப் புகை கையாண்ட பிரிவில் பணியாற்றிய ஒருவரின் போருக்குப் பிந்தைய இப்படத்தில் சீனம் ஒரு கோதுமைக் கதிராக வருகிறது. அவ்வயல்களுக்கு உரியோர் இழந்த மக்கள் அதில் இல்லை. ஜப்பானிய மகனின் இன்மையை நாம் உணர்கிறோம். ஏனெனில் அவனுக்காகக் காத்திருக்கும் தாய் திரையில் இருக்கிறாள். சீன மகனின் இன்மையை உணர்வதில்லை. அவன் தாய் அங்கே இல்லை.

1962இல் அவர் எடுத்த இறுதிப் படத்தில், முன்னாள் கடற்படைத் தலைவர் ஒருவர் தம்கீழ்ப் பணியாற்றியவனோடு மதுக்கடையில் சந்திக்கிறார். போரில் வென்றிருந்தால் எப்படியிருக்கும் என்று அவன் கனவு காண, தோற்றதே நன்று என்ற கருத்தை அவர் மெல்ல வெளியிடுகிறார். போரைப் பற்றி ஓஸுவின் பிற்காலப் படங்களில் வெளிப்படும் நேரடியான கருத்துகளுள் இது முதன்மையானது. அதனை அவருடைய கழிவிரக்கம் என்று கொள்வோரும் உளர். போதாது என்போரும் உளர். என் வரையில், திருமணத்தைக் காட்டாமைக்கும் போரைக் காட்டாமைக்கும் ஒரே புகழ்மாலையைச் சூட்ட இயலாது என்றே கருதுகிறேன். முன்னது பார்ப்பவரை நம்பி விட்ட இடம். பின்னது பார்ப்பவர் கேளாதிருக்க விட்ட இடம். ஒரே கை இரண்டையும் செய்தது என்பதே அவர் வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற கடினமான செய்தி.

இறுதி நாள்கள்

1950களில் ஓஸுவும் நோதாவும் விடுதியிலோ மலையகக் குடிலிலோ திங்கள் கணக்கில் தங்கி, மதுவருந்தி, உலாவி, உரையாடலை ஒவ்வொன்றாக எழுதுவது வழக்கம். 1952 முதல் ஓஸு வட காமக்குராவில் தாயோடு வாழ்ந்தார். 1958இல் முதன்முதலாக வண்ணப்படம் எடுத்தார். அவ்வாண்டே 'டோக்கியோ கதை' இலண்டனில் பரிசு பெற்றது. எனினும் அவர் வாழ்ந்த காலத்தில் மேலைநாடுகளில் அவரை அறிந்தோர் சிலரே. அவர் புகழ் பரவியது மறைவுக்குப் பின்னரே. 2012இல் ஆங்கிலேயத் திரைப்பட இதழ் ஒன்று உலக இயக்குநர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் 'டோக்கியோ கதை' முதலிடம் பெற்றது.

1962 பிப்ரவரியில் தாய் அசாயே மறைந்தார். அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த படமே அவரது இறுதிப் படமாயிற்று. அதன் ஜப்பானியப் பெயர் 'சன்மா மீனின் சுவை' எனப் பொருள்படும்; அம்மீனோ படத்தில் எங்கும் வருவதில்லை. அதிலும் மகளை மணமுடித்துக் கொடுத்துத் தனித்திருக்கும் தந்தையே தலைமை மாந்தர். அதிலும் மணமகன் காட்டப்படுவதில்லை. அடுத்த ஆண்டு ஓஸுவின் கழுத்தில் புற்றுநோய் கண்டது. அறுவை மருத்துவம் செய்தும் பயனின்றி, 1963 டிசம்பர் 12 அன்று, சரியாகத் தம் அறுபதாம் பிறந்தநாளில் அவர் காலமானார்.

அக்காலத்தை ஒட்டியே செத்சுகோ ஹாராவும் திரையுலகை விட்டு விலகிக் காமக்குராவில் ஒதுங்கி வாழத் தொடங்கினார். மணமாகாத இயக்குநரையும் மணமாகாத நடிகையையும் இணைத்துப் பல கதைகள் எழுந்தன. அவற்றுக்குச் சான்று ஏதுமில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் பொதுவெளியில் தோன்றாமலே வாழ்ந்து, 2015 செப்டம்பரில் தம் 95ஆம் அகவையில் மறைந்தார். அச்செய்தியும் இரு திங்கள் கழித்தே வெளிவந்தது. திரையில் விட்ட வெற்றிடத்தை உரையால் நிரப்பலாம்; ஒரு பெண்ணின் வாழ்வில் அவள் விட்ட வெற்றிடத்தை அவ்வாறு நிரப்ப நமக்கு உரிமையில்லை.

வட காமக்குராவில் உள்ள எங்காக்கு கோயிலில் ஓஸுவின் கல்லறை இருக்கிறது. அதில் அவர் பெயர் இல்லை. இன்மை எனப் பொருள்படும் 'மு' என்னும் ஓரெழுத்து மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. வருவோர் அதன்முன் மதுப்புட்டிகளை வைத்துச் செல்கின்றனர். அவ்வெழுத்தைப் பௌத்தத் துறவுநிலை என்பாரும், அவர் கலையின் சுருக்கம் என்பாரும் உண்டு. அவரது படங்களில் பழகியவர்க்கு அது ஒரு கேள்வியாகவும் நிற்கும். இங்கே யார் காட்டப்பட்டார், யார் காட்டப்படவில்லை, காட்டப்படாதவருக்காக அழ ஒருவரேனும் திரையில் இருந்தாரா என்று நம்மை அது கேட்கிறது. ஒரு கலைஞரை மதிப்பது அவர் தந்த வெற்றிடங்களில் அமர்ந்து மகிழ்வது மட்டுமன்று. அமர்ந்த இடத்திலிருந்து தெரியாத கல் எது என எழுந்து நடந்து பார்ப்பதும் ஆகும்.